மலரில் இல்லாத வரி

அத்தியாயம் 17

சிவகாசியிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் கடையின் நூற்றாண்டு மலர்ப் புத்தகக் கட்டு வந்து இறங்கிவிட்டது என்று காவியா சொன்னபோது மணி ஆறே முக்கால். சண்முகசுந்தரி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ எங்க பாத்த?"

"பூ வாங்கப் போனேன்லா. பஸ் ஸ்டாண்டுல மாமா கார் நின்னுச்சு. டிரைவர் கட்டைத் தூக்கி உள்ள வச்சுக்கிட்டிருந்தார். ஒண்ணு குடுங்கண்ணேன்னேன். பத்தரை மணிக்கு மேடையிலதான் மொத புத்தகம், ஐயா சொல்லிருக்காருன்னார். அவரு அங்கிட்டுத் திரும்புனாரு, நான் ஒண்ணை உருவிட்டேன்."

"திருட்டுப் புத்தகமா?"

"நம்ம கடை மலர்தானம்மா. நம்ம கடைதான?"

சுந்தரி கையை நீட்டினாள். புத்தகத்தை வாங்கினாள்.

போன வெள்ளிக்கிழமை அண்ணன் சங்கரசுப்பு இந்த வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டு, பத்திரத்தைப் பற்றிப் பேசினான். வடக்கு ரத வீதியில் கடை இருக்கும் மனை இன்னும் அப்பா வெள்ளத்துரை ஆசாரி பேரில்தான் இருக்கிறது. பழைய கடையை இடித்து மூன்று மாடி எழுப்பியாகிவிட்டது. தங்கை தன் பாகத்தை விட்டுக்கொடுத்து எழுதித் தரவேண்டும். சுந்தரி மறுக்கவில்லை. இரண்டே இரண்டு கேட்டாள். புதுக்கடையின் முன்பக்கத்தில் அப்பாவின் கடிகார மேஜை, அதில் அவள். நூற்றாண்டு மலரில் ஒரு வரி: இருபத்து மூன்று வருடமாக இந்தக் கடையில் கடிகார வேலை பார்த்தது அவள் என்று.

"அம்புட்டுத்தானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்டீ" என்று சிரித்துவிட்டுத்தான் அவன் போனான்.

சுந்தரி நின்றவாக்கிலேயே பக்கங்களைப் புரட்டினாள். வழவழவென்ற தாள். முதல் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா மூக்காண்டி ஆசாரி. அவருக்குப் புகைப்படம் கிடையாது என்பதால் யாரோ வரைந்து கொடுத்த படம். கோயில் வாசலில் ஒரு குமுட்டியடுப்பும் ஊதுகுழலுமாக உட்கார்ந்து, நேர்ந்துகொண்டு வருகிறவர்களுக்கு வெள்ளியில் பாம்பும் தேளும் தட்டிக் கொடுத்தவர். அது சரியாகத்தான் எழுதியிருந்தது. அடுத்தது தாத்தா, நின்றுபோன சுவர்க் கடிகாரம் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டுத் தானாகவே தொழில் படித்தவர். அதுவும் சரி. அப்புறம் அப்பா. கண்ணில் லென்ஸ் மாட்டிக் குனிந்திருக்கும் படம்.

இருபத்தாறாம் பக்கம்: "தந்தையாரின் கைவண்ணத்தைத் தம் கையில் ஏந்தி, நகைத் தொழிலோடு கடிகாரத் தொழிலையும் இன்றுவரை தாமே கட்டிக் காத்து வருபவர் திரு. சங்கரசுப்பு."

சுந்தரி அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். திரும்பவும் முன்னால் வந்தாள்.

"முப்பத்தொண்ணைப் பாரும்மா" என்றாள் காவியா. அவள் வரும் வழியிலேயே பார்த்திருக்கிறாள்.

முப்பத்தொன்றில் குடும்பப் படம். அடியில் பொடி எழுத்தில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு குறிப்பு. "தங்கை திருமதி சண்முகசுந்தரி: கோடைக்காலங்களில் கடைக்கு வரும் தாய்மார்களுக்கு மோர் வழங்கி உபசரிப்பவர்."

"நான் எப்பட்டீ மோர் குடுத்தேன்?"

"ஒருநா குடுத்தம்மா. சித்திரையில. அதுவும் எதுத்த கடையில வாங்கி."

காவியா சிரிக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

*

பத்து மணிக்குள் வடக்கு ரத வீதியில் பந்தல் நிறைந்துவிட்டது. ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை; அதற்குள் இன்னொரு திருவிழாப் போல இருந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் மூன்று தலைமுறையாகத் தாலிக்குப் பொன் கொடுக்கிற வீட்டுக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த மதினி மாலா, சுந்தரியின் மேல் கொஞ்சம் கூடவே தெளித்தாள்.

"வாங்க வாங்க. என்ன, சேலை பழசா இருக்கு? இன்னைக்குப் பாத்து?"

"மேஜை எங்க மைனி?"

"எந்த மேஜை?"

"அப்பா மேஜை."

"அதுவா, மேல ஸ்டோர் ரூம்ல பத்திரமா இருக்கு."

சுந்தரி படியேறிப் போய்ப் பார்த்தாள். தேக்கு மேஜை சுவரோரமாக நின்றது. அதன் மேல் நகைப்பெட்டி அடுக்குகளும், கடைப்பெயர் அச்சடித்த துணிப்பைக் கட்டுகளும் விட்டம்வரை ஏறியிருந்தன. பின்னாலேயே வந்த மாலா மூச்சு வாங்கினாள்.

"முன்பக்கம் போட்டா, வாட்ச் கழுவுத பெட்ரோல் வாடை வருமாம்லா. நகை எடுக்க வாரவங்க முகத்தைச் சுளிப்பாங்கன்னு இன்ஜினியர் சொல்லிட்டார். நான் என்ன சொல்ல? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

சங்கரசுப்பு இரண்டாம் மாடியில் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தான். தங்கை கையில் மலரைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு நொடி சுருங்கி விரிந்தது.

"அதுக்குள்ள எப்பிடி வந்திச்சு?"

"வரியைக் காணமேண்ணே."

"பிரஸ்காரன் விட்டிருப்பான். கடைசி நேரம் பாத்துக்கோ..."

"மோரு விடலையே. அதைச் சரியாப் போட்டிருக்கான்."

அவன் கண்ணாடியைப் பார்த்துத் துண்டை மடித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். கோபப்படும்போது குரல் தாழ்வது அப்பாவுக்கும் உண்டு.

"ஏட்டி, நான் நேரா கேக்கேன். நீதான் பாத்தேங்கிறதுக்கு என்ன சாட்சி இருக்கு? இந்த ஊர்ல எந்த வாட்சைத் தொறந்தாலும் அப்பா எழுத்துதான் இருக்கும். உன் எழுத்து ஒண்ணு, ஒரே ஒண்ணு காட்டு. அம்புட்டு மலரையும் கிழிச்சுப் போட்டுட்டு வேற அடிக்கேன்."

 அவன் சொன்னது பொய்யில்லை.

கடிகாரம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தன் எழுத்தையும் தேதியையும் பொடியாகக் கீறி வைப்பார்கள். அடுத்த முறை திறக்கிறவனுக்கு, எந்தக் கை எப்போது தொட்டது என்று தெரியும். அப்பாவின் எழுத்து 'வெ'.

விசைத்தறிக் கொட்டகையில் வேலை பார்த்த புருஷன் போய்ச் சேர்ந்து, மூன்று வயதுக் காவியாவுடன் சுந்தரி பிறந்த வீட்டுக்கு வந்த வருடம்தான் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டம்ளர் ஆடியது. அப்புறம் திருகாணிகளைப் பிடிக்கிற சிம்டா. வாட்சுக்குள் சுருண்டிருக்கும் மயிர்க்கம்பி ஒன்றை நசுக்கிய அன்று அப்பா அழுதார். மறுநாள் மேஜைக்குப் பின்னால் ஒரு திரை தொங்கியது. அப்பா முன்னால் லென்ஸ் மாட்டி, செத்துப்போன ஒரு வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருப்பார். ஆள் கொடுத்த வாட்ச் திரைக்குள் போகும். உள்ளே, சின்ன வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கையோடு சுந்தரி இருந்தாள்.

"என் எழுத்தையே போடு சுந்தரி. உன் எழுத்தைப் பாத்தா எவனும் குடுக்கமாட்டான்" என்றார். அவள் போட்டாள்.

பதினொரு வருடத்துக்கு முன் அப்பா இறந்த பிறகு, திரையை எடுத்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். சங்கரசுப்பு வேண்டாம் என்றான். "அப்பா கைராசின்னுதான் வாரானுவ. அந்த எழுத்தே இருக்கட்டும்டீ." அதில் அவளுக்கும் ஒரு ஆறுதல் இருந்தது. ஊசியால் அந்த ஓரெழுத்தைக் கீறும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. வாட்ச் கொடுக்க வருகிறவர்களிடம் அண்ணன் சொல்வது திரைக்குள் கேட்கும்: "உள்ள மெக்கானிக் இருக்காரு. சாயங்காலம் வாங்க."

இருக்காரு. அவள் அதைக்கூட ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

"மூணு மணிக்குப் பத்திர ஆபீஸ்" என்றான் சங்கரசுப்பு. "டோக்கன் போட்டாச்சு. வந்துரு."

"நான் கேட்டது ரெண்டும் இல்லையேண்ணே."

"புதன்கிழமை உன் மகளுக்குப் பொன்னுருக்கு. தாய்மாமன் கையால பொன்னை உருக்கி, தாய்மாமன் கையால தாலி செஞ்சு குடுக்கணும்னு நீதான வந்து சொன்ன? மாப்பிள்ளை வீட்டு வாசுதேவநல்லூர்க்காரங்க பத்துப் பேரு வாராங்க. நான் அன்னைக்கு ஊர்ல இருக்கணும்லா?"

அவ்வளவுதான் சொன்னான். கீழே நாதஸ்வரம் ஆரம்பித்தது.

*

நியாஸ் அகமது வாத்தியார் ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆகிறது. மைக்கைப் பிடித்தால் இன்னும் வகுப்பறைக் குரல்தான்.

"இந்த வாட்ச் எங்க அத்தா எனக்கு வாங்கிக் குடுத்தது. சாவி குடுக்குத எச்.எம்.டி. நான் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்து மணி அடிக்கச் சொன்னா, இந்த வாட்சைப் பாத்துத்தான் சொல்லுவேன். ஏழு வாட்டி நின்னுருக்கு. ஏழு வாட்டியும் இந்தக் கடையிலதான் எந்திரிச்சு ஓடுச்சு. வெள்ளத்துரை அண்ணாச்சி கை! உள்ள அவரு எழுத்து இருக்கும். இப்ப உங்க முன்னால தொறந்து காட்டப்போறேன். தம்பி சங்கரசுப்பு, வாங்க. நீங்கதான் தொறக்கணும்."

கூட்டம் கை தட்டியது. சங்கரசுப்பு சிரித்துக்கொண்டே வாட்சை வாங்கினான். ஒரு பேனாக்கத்தி கொண்டுவரச் சொன்னான். பின்மூடியின் விளிம்பில் அதை வைத்து நெம்பினான். கத்தி வழுக்கியது. இன்னொரு இடத்தில் நெம்பினான். திரும்பவும் வழுக்கியது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"பாத்து தம்பி, பாத்து. அத்தா வாட்சு" என்றார் வாத்தியார். மைக்கில் அது ஊருக்கே கேட்டது.

பெண்கள் வரிசையிலிருந்து சுந்தரி எழுந்தாள். எழவேண்டும் என்று நினைத்து எழவில்லை. அந்த வாட்சின் மூடியில் கத்தி வைக்கவேண்டிய இடம் மணி ஆறுக்கு நேராக, சற்று இடப்பக்கம். அங்கே ஒரு நகக்கீறல் அளவு பள்ளம் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அந்த வாட்ச் கீறல் படுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

மேடையேறி வாங்கினாள். கட்டைவிரல் நகத்தால் விளிம்பைத் தடவினாள். கத்தி முனையை வைத்துச் சற்றே திருகினாள். மூடி உள்ளங்கையில் விழுந்தது.

யாரோ விசிலடித்தார்கள். "பாத்தீங்களா, கூடமாட இருந்து இவளும் பழகிட்டா!" என்று சங்கரசுப்பு மைக்கில் சொன்னான். கூட்டம் சிரித்தது.

வாத்தியார் மூடியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி அருகில் கொண்டுவந்தார்.

"இந்தா... 'வெ'. தேதி போட்டிருக்கு. தொண்ணூத்தெட்டு. இது ரெண்டாயிரத்து நாலு. இது ஒன்பது. இது..." அவர் நிறுத்தினார். "இது பதினேழு. ஒன்பது, எட்டு, பதினேழு. அண்ணாச்சி பதினாலுலயே போயிட்டாருல்லா? மையத்து எடுக்கும்போது நானும் வந்தேனே."

பந்தலில் தலைகள் மேடைப் பக்கம் திரும்பின.

சுந்தரி அந்த மூடியைப் பார்த்தாள். அவள் கேட்காத சாட்சி. அவள் கையாலேயே கீறிய தேதி. செத்தவர் வந்து வாட்ச் பார்த்திருக்க முடியாது. இப்போது யாராவது ஒருவர் கேட்டால் போதும், அப்ப பாத்தது யாரு என்று. வாத்தியாரே கேட்டார்.

"அப்ப யாரு தம்பி பாத்தது?"

சங்கரசுப்பு மைக்கைக் கையில் எடுத்தான். தலையைக் குனிந்து, கண்ணைத் துண்டால் ஒற்றினான்.

"சார், நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அப்பாவுக்கு அப்புறமும் அப்பா எழுத்தைத்தான் போடுதேன். எம்பேரைப் போட எனக்கு மனசு வரல சார்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வாத்தியார் அவனைக் கட்டிக்கொண்டார். மூடி கழன்ற வாட்ச் இன்னும் சுந்தரியின் கையில் இருந்தது. அவள் வாத்தியார் கையிலிருந்த மூடியை வாங்கி, பொருத்தி, கட்டைவிரலால் அழுத்தினாள். டக் என்று உட்கார்ந்தது. வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

பந்திக்கு உட்காரச் சொல்லி மாலா கையைப் பிடித்து இழுத்தாள். சுந்தரி உட்கார்ந்து சாப்பிட்டாள். சோற்றைப் பிசையும்போது பக்கத்து இலைக்காரி சொன்னாள்: "உங்க அண்ணனைப் பெத்த வயிறு புண்ணியம் செஞ்சிருக்கணும்."

"ஆமா. அதே வயித்துலதான் நானும் பொறந்தேன்" என்றாள் சுந்தரி. அந்த அம்மாவுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. பாயாசம் ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினாள்.

*

"நீ போகப் போறியா?" காவியா வீட்டு வாசலில் மறித்து நின்றாள்.

"போகணும்."

"எதுக்கு? மேடையில அப்பிடிப் பேசுன மனுசனுக்கு எழுதிக் குடுக்கவா? ஏம்மா அங்கனயே சொல்லல? நான்தான் பாத்தேன்னு ஒரு வார்த்தை!"

"சொன்னா? அழுதுக்கிட்டு நிக்கிதவனை விட்டுட்டு, என்னையவா நம்புவாங்க? எழுத்து அப்பா எழுத்து. போட்டது நான். என் வாயை நானே இருபத்து மூணு வருசமா ஊசி வச்சுத் தச்சுருக்கேன் மக்கா."

"எனக்குத் தாய்மாமன் வேண்டாம். செல்வக்குமார்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

"மாப்பிள்ளை கேப்பாரு. அவங்க அப்பா கேக்கமாட்டாரு. பொன்னுருக்குல தாய்மாமன் எங்கன்னு பத்துப் பேரு முன்னால கேட்டா, நான் என்ன சொல்லட்டும்? வரி போடலைன்னு சண்டைன்னா?" சுந்தரி செருப்பை மாட்டினாள். "ஒரு கையெழுத்துதான். போட்டுட்டு வந்துருதேன்."

"அப்ப நானும் வாரேன்" என்றாள் காவியா. கையில் மலரைச் சுருட்டி வைத்திருந்தாள்.

பத்திர ஆபீஸில் மின்விசிறிக்கு அடியில் இருந்த பெஞ்சு முழுக்க ஆட்கள். பத்திர எழுத்தர் மருதப்பன் தாள்களைக் கையில் விசிறியாக்கிக்கொண்டு வழிகாட்டினார். சங்கரசுப்பு காலையில் போட்ட மாலையின் வாடையோடே நின்றான். நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. தங்கையைப் பார்த்ததும், "சாப்பிட்டியா?" என்று கேட்டான். நிஜமான அக்கறையோடுதான் கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

உள்ளே அதிகாரி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தாளை முழுக்கப் படித்தார். "சம்மதத்தோடதான எழுதிக் குடுக்கீங்க? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்டார்.

சுந்தரி தலையாட்டினாள். காவியா ஜன்னலைப் பார்த்தாள்.

"சரி. கட்டைவிரலை இதுல வைங்க."

சுந்தரி வைத்தாள். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். சிவப்பு. இடது கை. சிவப்பு. ரேஷன் கடையிலும் இதே கதைதான். அதனால் மூன்று வருடமாக அங்கே காவியாதான் விரல் வைக்கிறாள். அதை வயசு என்று சுந்தரி நினைத்திருந்தாள்.

"மை வச்சுப் பாப்போம். ரெண்டு பேருமே பதிவேட்டுல வைங்க."

முதலில் சங்கரசுப்பு வைத்தான். பக்கத்துக் கட்டத்தில் சுந்தரி. அதிகாரி புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே நின்ற நான்கு பேருமே பார்த்தார்கள்.

இடது கட்டத்தில் ரேகை வட்டம் வட்டமாக, ஒரு கோடு அறுபடாமல், பள்ளிக்கூடத்துப் பையன் விரல் போலப் பதிந்திருந்தது. வலது கட்டத்தில் ஒன்றுமில்லை. கரியை உருட்டி அப்பியதுபோல ஒரு கறுப்புப் பொட்டு.

"என்ன வேலை பாக்குதீங்கம்மா?" என்றார் அதிகாரி.

"வீட்டு வேலைதான் மேடம்" என்றான் சங்கரசுப்பு.

"அவங்களைக் கேட்டேன். வீட்டு வேலைக்கு இப்பிடித் தேயாது. சிமென்ட் வேலையா? பீடியா?"

சுந்தரி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். கீறல் விழுந்த வாட்ச் கண்ணாடியை முதலில் உப்புத்தாளில் தேய்க்கவேண்டும். பிறகு பேஸ்ட் வைத்துக் கட்டைவிரலாலேயே, சூடு ஏறும்வரை, மங்கல் போய்ப் பளபளக்கும்வரை தேய்க்கவேண்டும். துணியால் தேய்த்தால் அந்தப் பளபளப்பு வராது. ஒரு கண்ணாடிக்கு அரைமணி நேரம். அப்புறம் பல்சக்கரங்களைப் பெட்ரோலில் அலசவேண்டும். இருபத்து மூன்று வருடம்.

"வாட்ச் ரிப்பேர்" என்றாள்.

மருதப்பனுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "அண்ணாச்சி, நீங்கதான வாட்ச் வேலை பாத்ததா மேடையில சொன்னீங்க? உங்க ரேகை புத்தம் புதுசால்லா இருக்கு?"

"நீரு உம்ம சோலியைப் பாரும்வே!"

காவியா சுருட்டியிருந்த மலரை விரித்து, இருபத்தாறாம் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள். அதிகாரி அதைப் படித்தார். பதிவேட்டையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இப்படி எத்தனை அண்ணன் தங்கைகளைப் பார்த்திருப்பாரோ.

"எனக்கு இது தேவையில்லைம்மா, எடுத்துக்கோ. எனக்கு வேண்டியது வேற. ரேகை ஏன் விழலைன்னு காரணம் எழுதி, எழுதி வாங்குறவர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அதைப் பத்திரத்தோட சேத்துத்தான் பதிய முடியும். என்ன வேலை, எத்தனை வருசம், தெளிவா எழுதுங்க. உங்க கைப்பட."

சங்கரசுப்பு பேனாவை எடுத்தான். தாளைப் பார்த்தான். தங்கையைப் பார்க்கவில்லை. வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவன் மெதுவாக எழுதினான். எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டான். அதிகாரி வாங்குவதற்குள் சுந்தரி கை நீட்டினாள்.

"நான் படிக்கலாமா மேடம்?"

"உங்களைப் பத்தித்தான. படிங்க."

"என் தங்கை சண்முகசுந்தரி, எங்கள் கடையில் எனக்கு உதவியாக இருபத்து மூன்று வருடம் கடிகார வேலை பார்த்து வந்ததால், விரல் ரேகை தேய்ந்துள்ளது."

அவள் கேட்ட வரி. அச்சில் வராதது, அண்ணன் கைப்பட வந்திருக்கிறது. இதற்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் நடுவில் ஒரு சொல் கல்போலக் கிடந்தது. தாளின் ஓரத்தைப் பிடித்தபடியே அதை அண்ணன் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, 'எனக்கு உதவியாக'ன்னு இருக்கே. அதை அடிச்சிரு."

"அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைல்லா? அப்ப அடி. நீ என்னைக்கு வாட்ச் பாத்த, நான் உனக்கு உதவ?"

"அடிச்சா பக்கத்துல சின்னக் கையெழுத்துப் போடணும்" என்றார் அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. "உங்களுக்குள்ள பேசி முடிங்க. எனக்கு இன்னும் ஆறு டோக்கன் இருக்கு."

"ஒரு வார்த்தைக்கு மல்லுக்கு நிக்கியேட்டி, வெக்கமா இல்ல?"

"ஒரு வார்த்தைதானண்ணே. அடிச்சுட்டா மனை முழுக்க உனக்கு. மூணு மாடியும். எனக்கு இந்தத் தாள்ல ஒரு வரி. ரெண்டுல எது பெருசு, நீயே சொல்லு."

சங்கரசுப்புவின் பேனா அந்தச் சொல்லுக்கு மேல் வந்து நின்றது. காவியா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுந்தரிக்கும் ஒரு கணம் தோன்றியது, அடித்துவிடுவான் என்று. காலையில் அவன் துண்டால் ஒற்றிய கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்ததோ என்றுகூடத் தோன்றியது.

அவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

"மேடையில ஊரே கைதட்டியிருக்கு. சாயங்காலத்துக்குள்ள அதை நான் பொய்யாக்கவா? மாட்டேன்." குரல் தாழ்ந்திருந்தது. "புதன்கிழமைக்கு வேற ஆளைப் பாத்துக்கோ. வேற ஆசாரியையும் பாத்துக்கோ."

மருதப்பன் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு அவன் பின்னால் ஓடினார். அதிகாரி, "அடுத்த டோக்கன்" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு குழாய் இருந்தது. சுந்தரி கட்டைவிரலைக் கழுவினாள். மண்ணை எடுத்துத் தேய்த்தாள். மை போகவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கோடுகூட இல்லாத விரலில் எப்படித்தான் இவ்வளவு ஒட்டிக்கொண்டதோ.

"பொன்னுருக்குக்கு என்னம்மா செய்ய?" காவியாவின் குரலில் காலையில் இருந்த வீறாப்பு இல்லை. இருபத்தாறு வயதுப் பெண்ணின் பயம் மட்டும் இருந்தது.

சுந்தரிக்கும் தெரியவில்லை. மகளின் கல்யாணத்தை ஒரு சொல்லுக்காகத் தெருவில் நிறுத்திவிட்டோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள்.

கேட்டை நெருங்கிய சங்கரசுப்பு சட்டென்று நின்றதை அவள் பார்த்தாள். சட்டைப்பையைத் தடவினான். மருதப்பன் கையிலிருந்த தாள்களைப் பிடுங்கிப் புரட்டினான். பிறகு திரும்பி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய ஓடிவந்தான்.

"ஏட்டி சுந்தரி! நான் எழுதுன பேப்பர் எங்க?"

"எந்தப் பேப்பருண்ணே?"

"வெளையாடாத. கையெழுத்துப் போட்டது. அதைக் குடு."

உள்ளே மடித்து வைத்திருந்த தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுந்தரி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மை படிந்த கட்டைவிரல் அதன் மேல் ஒரு கறுப்புப் பொட்டை வைத்தது.

"புதன்கிழமை வீட்டுக்கு வா" என்றாள். "பேசுவோம்."